நீள மைதானத்தின் கடைசி ஆண்டு

மான்ட்ரியல், 2010 அக்டோபர் 29. ஆட்டம் முடிய ஒரே ஒரு உதை பாக்கி. மான்ட்ரியல் அலுவெட்ஸ், டொரான்டோ ஆர்கோநாட்ஸ் இரண்டும் ஆளுக்கு 30 புள்ளியில் நிற்கின்றன. மான்ட்ரியலின் உதைவீரர் டேமன் டுவால் கோல் கம்பங்களுக்கு நடுவே குறிவைத்து உதைக்கிறார். குறி தவறுகிறது. அமெரிக்காவாக இருந்தால் அத்தோடு கூடுதல் நேரத்துக்குப் போயிருப்பார்கள். கனடாவில் கதை வேறு. தவறிய பந்தை டொரான்டோ தன் எல்லைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவராவிட்டால், அதற்காகவே மான்ட்ரியலுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அந்த ஒற்றைப் புள்ளியில் ஆட்டமும் கிடைக்கும். ஆகவே பின்னால் காத்து நின்ற டொரான்டோக்காரர் பந்தைப் பிடித்து வெளியே உதைக்கிறார். அதை டுவாலே பிடித்துத் திரும்ப உள்ளே உதைக்கிறார். மறுபடி வெளியே தள்ளப் பார்த்தவரின் கையிலிருந்து பந்து நழுவ, மான்ட்ரியல் வீரர் ஒருவர் அதன் மேல் விழுகிறார். எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்தாயிற்று, டச் டவுன்! 37-30.

இது கனடியக் கால்பந்து. மெஸ்ஸி ஆடும் கால்பந்து அல்ல. தோளில் கவசமும் தலையில் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்து ஓடியும் வீசியும் மோதியும் ஆடுவது. அமெரிக்காவின் என்எஃப்எல் ஆட்டமும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், விதிப் புத்தகத்தைத் திறந்தால் தெரியாது.

வரும் ஜூனில் தொடங்கும் 2026 பருவத்தில் ஒன்பது அணிகள் ஆளுக்கு 18 ஆட்டம் ஆடப்போகின்றன. நவம்பர் 15 அன்று கால்கரியின் மக்மேன் மைதானத்தில் 113-வது கிரே கோப்பை இறுதியாட்டம். கோப்பை யாருக்கு என்ற கேள்வி எல்லா ஆண்டும் உள்ளதுதான். இந்த முறை அதைவிடப் பெரிய சமாச்சாரம் வீரர்களின் காலடியில் கிடக்கிறது. 110 கஜ மைதானத்தில் இந்த லீக் ஆடும் கடைசிப் பருவம் இது. 2027-ல் மைதானம் சுருங்குகிறது.

ஒரு திங்கட்கிழமை அறிவிப்பு

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. கனடியக் கால்பந்து லீக்கின், அதாவது சிஎஃப்எல்-லின், ஆணையர் ஸ்டுவர்ட் ஜான்ஸ்டன் மேடையேறினார். பதவிக்கு வந்து அப்போது அரை ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் லீக்கின் ஆட்டங்களை ஒளிபரப்பும் டிஎஸ்என் விளையாட்டுத் தொலைக்காட்சியின் தலைவராக இருந்தவர். திரையில் ஆட்டம் எப்படித் தெரிகிறது, பார்வையாளர் எந்த நிமிடத்தில் சேனல் மாற்றுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தொழில். அன்று அவர் அடுக்கிய மாற்றங்களைப் படித்தால் அந்தத் தொழில் தெரிகிறது.

2026-லிருந்து நடைமுறைக்கு வருபவை சிறியவை. ஒவ்வொரு ஆட்டத் துண்டு முடிந்ததும் 35 விநாடிக் கடிகாரம் தானாக ஓடத் தொடங்கும். நடுவர் பந்தை வைத்து, விசில் ஊதி, அதன்பின் 20 விநாடி எண்ணும் பழைய ஏற்பாடு போகிறது. இரு அணிகளின் இருக்கைகளும் மைதானத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். உதை தவறினாலும் கிடைக்கும் அந்த ஒற்றைப் புள்ளிக்கு, கனடியர்கள் ‘ரூஜ்’ என்று சொல்வதற்கு, கத்தரி விழுகிறது.

2027-க்கு வைத்திருப்பவைதான் பெரியவை. மைதான நீளம் 110 கஜத்திலிருந்து 100 ஆகிறது. டச் டவுன் எடுக்கும் பகுதியான எண்ட் ஸோனின் ஆழம் 20 கஜத்திலிருந்து 15 ஆகிறது. இப்போது எண்ட் ஸோனின் முன்கோட்டில் நிற்கும் கோல் கம்பங்கள் பின்கோட்டுக்குப் போகின்றன.

லீக்கின் ஆளுநர் குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டது. வீரர்களிடம் கேட்டார்களா? இல்லை என்று வீரர்கள் தரப்பு உடனே சொன்னது. லீக்கின் முகம் என்று சொல்லத்தக்க, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் நேதன் ரூர்க், இது தான் பார்த்து வளர்ந்த ஆட்டத்திலிருந்து விலகிப் போகும் வழி என்று ஒளிவுமறைவின்றிக் கண்டித்தார். ஒரு லீக் தன் விளம்பரப் பலகையில் போடும் முகமே இப்படிப் பேசுவது அடிக்கடி நடப்பதல்ல.

110-ன் அர்த்தம்

கனடிய மைதானம் எண்ட் ஸோன்களையும் சேர்த்தால் முனைக்கு முனை 150 கஜம், சுமார் 137 மீட்டர். அகலம் 65 கஜம். அமெரிக்க மைதானம் எல்லாம் சேர்த்து 120 கஜம். அகலம் 53 கஜத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கே அணிக்கு 11 பேர், இங்கே 12. அங்கே பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, இங்கே மூன்று.

அந்த மூன்றுதான் ஆட்டத்தின் உயிர்நாடி. மூன்று என்று பெயர், கையில் இருப்பது இரண்டு. இரண்டாவது முயற்சியிலும் பத்து கஜம் வராவிட்டால் மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துவிடுவார்கள். அதனால் மூன்று கஜம், நான்கு கஜம் என்று மண்ணைக் கவ்வியபடி நகரும் உத்தி இங்கே கட்டுப்படியாகாது. வீச வேண்டும், அதுவும் துணிந்து வீச வேண்டும். பந்து ஆட்டத்துக்கு வருமுன்பே பின்வரிசை ஆட்டக்காரர்கள் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆட்டம் தொடங்கும் கோட்டை நோக்கி முழு வேகத்தில் பாய்ந்துவரலாம். அமெரிக்காவில் அப்படிச் செய்தால் அபராதம்.

உதைத்த பந்தைப் பிடிப்பவருக்கும் அமெரிக்கச் சலுகை கிடையாது. அங்கே கையைத் தூக்கிக் காட்டிவிட்டால் யாரும் தொட மாட்டார்கள், பந்தும் அங்கேயே நிற்கும். கனடாவில் எதிரணியினர் ஐந்து கஜம் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் பந்தைத் தொட்ட நொடியில் எல்லாரும் பாய்வார்கள். அவர் ஓடியே ஆக வேண்டும். அடிக்கடி உதை, ஒவ்வொரு உதைக்கும் ஓர் ஓட்டம். இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு இடம் வேண்டும்.

அந்த இடம் சிலருக்கு வாழ்க்கையே கொடுத்திருக்கிறது. டக் ஃப்ளூட்டி 5 அடி 10 அங்குலம். குவார்ட்டர்பேக்குக்கு இந்த உயரம் போதாது என்று என்எஃப்எல் அவரை அலட்சியப்படுத்தியது. கனடாவின் அகன்ற மைதானத்தில் அவர் ஆறு முறை லீக்கின் தலைசிறந்த வீரர் விருது வாங்கினார். வாரன் மூனின் கதை இன்னும் கசப்பானது. கறுப்பின வீரரைக் குவார்ட்டர்பேக்காக வைக்க அன்றைய என்எஃப்எல் அணிகள் தயங்கின. அவர் எட்மன்டனுக்கு வந்தார். 1978 முதல் 1982 வரை எட்மன்டன் தொடர்ச்சியாக ஐந்து கிரே கோப்பை வென்றது. பிறகுதான் அமெரிக்காவுக்கு அவர் தேவைப்பட்டார்.

வரலாற்றைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. 1874 மே மாதம் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹார்வர்டுக்குப் போய் ஆடினார்கள். ஹார்வர்டு மாணவர்கள் அதுவரை ஆடிவந்தது பெரும்பாலும் பந்தை உதைக்கும் ஆட்டம். மெக்கில் கொண்டுபோன ரக்பி முறையில் பந்தைத் தாராளமாக ஏந்தி ஓடலாம். அது ஹார்வர்டுக்குப் பிடித்துப்போனது. இன்றைய அமெரிக்கக் கால்பந்தின் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால் அந்த இரண்டு நாள் ஆட்டங்களில் போய் நிற்கும். கொடுத்தவர் கனடியர். இன்று அளவெடுக்கப் போவது கொண்டவரிடம்.

எதை வெட்டலாம், எதைக் கூடாது

எல்லா மாற்றத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி எரிக்க நான் தயாரில்லை. ரூஜையே எடுத்துக்கொள்வோம். இதுவரை, தவறிய உதை கம்பத்துக்கு வெளியே பறந்து எண்ட் ஸோனைத் தாண்டிப் போனாலும் ஒரு புள்ளி. எதிரணி ஒன்றுமே செய்ய முடியாது. வானத்தில் போகும் பந்தை யார் என்ன செய்ய? சமநிலையில் இருக்கும் ஆட்டத்தில் கடைசி நொடியில் குறி தவறி உதைத்துவிட்டு வெற்றி விழா கொண்டாடும் காட்சியை ரசிகர்களே நெளிந்துகொண்டுதான் பார்த்தார்கள். 2026 முதல் அப்படிப் பறந்துபோகும் பந்துக்குப் புள்ளி இல்லை. ஆனால் பந்து எண்ட் ஸோனுக்குள் விழுந்து, அதைப் பிடித்தவர் மண்டியிட்டாலோ அங்கேயே மடக்கப்பட்டாலோ பழையபடி ஒரு புள்ளி உண்டு. தப்பிக்க வாய்ப்பிருந்தும் தப்பிக்காததற்குத் தண்டனை. இது நியாயமான கத்தரி.

கம்பங்களைப் பின்னால் நகர்த்துவதிலும் அர்த்தம் இருக்கிறது. இப்போது அவை ஆட்டம் நடக்கும் இடத்தின் நட்டநடுவே நிற்கின்றன. வீசிய பந்து கம்பத்தில் பட்டுத் தெறிக்கிறது. ஓடும் வீரர்கள் அதைச் சுற்றி வளைய வேண்டியிருக்கிறது. என்எஃப்எல் 1974-லேயே பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதைவிட முக்கியமானது உத்தி. கம்பம் முன்கோட்டில் இருப்பதால் கனடாவில் மூன்று புள்ளிக்கான ஃபீல்ட் கோல் மலிவு. எதிரணிப் பக்கம் 40 கஜக் கோட்டைத் தொட்டதும் பயிற்சியாளருக்கு உதைவீரரைக் கூப்பிடும் ஆசை வந்துவிடுகிறது. கம்பம் 15 கஜம் பின்னால் போனால் அதே இடத்திலிருந்து உதைப்பது சூதாட்டம். மூன்றாவது வாய்ப்பில் முன்னேறிப் பார்க்கத்தான் வேண்டும். ரசிகருக்கு அதுதானே வேண்டும்?

இதற்கும் ஒரு விலை உண்டு. கம்பம் முன்னால் இருக்கும்போது, குறி தவறிய பந்து 20 கஜ எண்ட் ஸோனுக்குள் விழும். அதைப் பிடித்து மைதானம் முழுக்க ஓடி டச் டவுன் எடுப்பது இந்த ஆட்டத்தின் தனி அழகு. கம்பம் பின்கோட்டுக்குப் போனபின், கம்பத்துக்கு அருகே குறி தவறும் பந்து நேராக வெளியேதான் போகும். உதை குட்டையாக விழுந்தால் மட்டுமே ஓட்டத்துக்கு வாய்ப்பு. பந்து உள்ளும் வெளியும் பறந்த 2010-ன் கூத்து 2026-ல் இன்னொரு முறை நடக்கலாம். 2027-க்குப் பின் அது அபூர்வத்திலும் அபூர்வம்.

அந்த விலையைக்கூடக் கொடுக்கலாம். கொடுக்கக் கூடாதது பத்து கஜம்.

மாற்றங்களால் ஒரு பருவத்துக்குச் சுமார் 60 டச் டவுன் கூடும் என்பது லீக்கின் கணிப்பு. ஒன்பது அணி, ஆளுக்கு 18 ஆட்டம் என்றால் மொத்தம் 81 ஆட்டம். அறுபதை எண்பத்தொன்றால் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு முக்கால் டச் டவுன். மைதானத்தைக் குறைத்தால் கோட்டைத் தொடுவது சுலபமாகும் என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. கிரிக்கெட்டில் பவுண்டரிக் கயிற்றை உள்ளே இழுத்தபின் சிக்ஸர் கூடியதே, அதே கணக்கு. சிக்ஸர் கூடியது, ஒவ்வொரு சிக்ஸருக்கும் இருந்த மதிப்பு குறைந்தது. முக்கால் டச் டவுனுக்காக நடுக்கோட்டின் ‘55’ என்ற எண்ணைத் துறப்பது எனக்கு நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை. அந்த எண் வேறெந்த நாட்டு மைதானத்திலும் கிடையாது.

ஜான்ஸ்டன் தரப்புக்கும் பதில் இருக்கிறது. மூன்று வாய்ப்பு தொடரும், 12 பேர் தொடர்வார்கள், 65 கஜ அகலம் தொடரும், பந்துக்கு முன்னாலேயே ஓடும் சுதந்திரமும் தொடரும் என்கிறார். இவற்றை வைத்துப் பார்த்தால் இது அமெரிக்க ஆட்டம் ஆகிவிடாது என்பது உண்மை. அகலத்தில் கை வைக்காததே பெரிய விஷயம். ஆனாலும் 100 என்பது யாருடைய எண் என்று எல்லாருக்கும் தெரியும். நூறு கஜம்தான் வேண்டும் என்பதற்கு ஆட்டத்துக்குள்ளிருந்து ஒரு காரணத்தையாவது கேட்க ஆசை.

மைதானத்துக்கு வெளியே இருக்கும் காரணம்

ஆட்டத்துக்கு வெளியே காரணம் இருக்கிறது. அதை ஒதுக்க முடியாது. டொரான்டோவின் பிஎம்ஓ ஃபீல்டு, சாக்கர் என்று வட அமெரிக்கர்கள் அழைக்கும் கால்பந்துக்காகக் கட்டியது. ஆர்கோநாட்ஸ் 2016-ல் அங்கே குடியேறியபோது 20 கஜ எண்ட் ஸோனுக்கு இடமில்லாமல் 18 கஜமாக வெட்டினார்கள். ஆக, சுருக்கம் பத்து ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சர்வதேசக் கால்பந்து மைதானம் 105 மீட்டர். கனடிய மைதானம் 137 மீட்டர். 2027-ல் அது 119 மீட்டராகும். பங்கு போட்டுக்கொள்ளும் அரங்கங்களில் ரசிகர்கள் கோட்டுக்கு அருகே உட்காரலாம். புதிய நகரம் ஒன்று அரங்கம் கட்ட நினைத்தால் செலவும் குறையும். கிழக்குக் கடற்கரையின் ஹாலிஃபேக்ஸுக்கு ‘அட்லாண்டிக் ஸ்கூனர்ஸ்’ என்ற பெயரில் ஓர் அணி 1982-லிருந்து காகிதத்தில் இருக்கிறது. 2018-ல் பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். அரங்கம் வரவில்லை, அணியும் வரவில்லை.

பணத்தின் அளவையும் சொல்லியாக வேண்டும். 2025-ல் ஒரு சிஎஃப்எல் அணி தன் எல்லா வீரர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய சம்பள வரம்பு சுமார் 60 லட்சம் கனடிய டாலர். அதே ஆண்டு என்எஃப்எல் அணிக்கு 27.9 கோடி அமெரிக்க டாலர். டிக்கெட் வாங்கி உட்காரும் ஆள்தான் கனடிய லீக்கின் முதல். கோவிட் ஆண்டான 2020-ல் அரங்கம் மூடிக் கிடந்தபோது லீக் அரசாங்கத்திடம் கை நீட்டியது, கிடைக்கவில்லை; பருவமே ரத்தானது. 1919-க்குப் பிறகு கிரே கோப்பை வழங்கப்படாத முதல் ஆண்டு அது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் எக்ஸ்எஃப்எல் லீக்கோடு கூட்டுச் சேரப் பேச்சு நடந்து, சில மாதங்களில் முறிந்தது.

டொரான்டோ தனித் தலைவலி. தமிழர்கள் பெருந்திரளாக வாழும் ஸ்கார்பரோவை உள்ளடக்கிய நாட்டின் மிகப்பெரிய நகரம். ஹாக்கிக்கு மேப்பிள் லீஃப்ஸ், கூடைப்பந்துக்கு ராப்டர்ஸ், பேஸ்பாலுக்கு ப்ளூ ஜேஸ் என்று அங்கே ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெரிய அணி. ஆர்கோநாட்ஸ் 1873-ல் பிறந்தது. 19 கிரே கோப்பையோடு லீக்கிலேயே அதிகம் வென்றது. இருந்தும் சொந்த ஊரில் ஓரமாக நிற்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துக்கு 110 கஜமும் தெரியாது, 100 கஜமும் தெரியாது. ஆகவே மாற்றத்துக்கு அவர்களிடம் எதிர்ப்பு இருக்காது என்று லீக் நினைக்கலாம். சரிதான். ஆனால் பத்து கஜம் குறைந்தது என்பதற்காக அவர்கள் டிக்கெட் வாங்கவும் மாட்டார்கள்.

அமெரிக்க நிழல்

அமெரிக்கா என்றதும் கனடியக் கால்பந்து ரசிகர் சிலிர்த்துக்கொள்வதற்குப் பழைய தழும்புகள் உண்டு. 1974-ல் உலகக் கால்பந்து லீக் என்ற புதிய அமெரிக்க லீக் டொரான்டோவில் ஓர் அணியை இறக்கப் பார்த்தது. மத்திய அமைச்சர் மார்க் லலோண்ட் அதைத் தடுக்க நாடாளுமன்றத்தில் கனடியக் கால்பந்துச் சட்ட மசோதாவையே கொண்டுவந்தார். ஒரு விளையாட்டைக் காக்க மசோதா! அது சட்டமாகவில்லை, ஆனால் மிரட்டல் வேலை செய்தது. அணி மெம்ஃபிஸுக்கு மூட்டை கட்டியது.

இருபது ஆண்டு கழித்து சிஎஃப்எல்-லே அமெரிக்காவுக்குள் புகுந்தது. 1993-ல் சாக்ரமென்டோ, பிறகு லாஸ் வேகஸ், பால்டிமோர், ஷ்ரீவ்போர்ட், பர்மிங்ஹாம், மெம்ஃபிஸ், சான் அன்டோனியோ. லாஸ் வேகஸில் கனடிய தேசிய கீதத்தைக் கிறிஸ்துமஸ் பாட்டின் மெட்டில் பாடிவைத்த கதையைக் கனடியர்கள் இன்றும் மறக்கவில்லை. மெம்ஃபிஸ் அரங்கத்தில் கனடிய எண்ட் ஸோன் முழு அளவில் அடங்கவே இல்லை. 1995-ல் பால்டிமோர் கிரே கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது. அமெரிக்க அணி ஒன்று அதை வென்றது அந்த ஒரே முறைதான். அடுத்த ஆண்டு ஓர் அமெரிக்க அணிகூட மிச்சமில்லை.

கனடாவை 51-வது மாநிலமாக்குவது பற்றி வாஷிங்டனிலிருந்து பேச்சு வந்துகொண்டிருந்த 2025-ல்தான் மைதானத்தை அமெரிக்க நீளத்துக்கு வெட்டும் அறிவிப்பும் வந்தது. ஜான்ஸ்டன் இதைவிட மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

களத்தில் யார்

நடப்புச் சாம்பியன் சஸ்காட்செவன் ரஃப்ரைடர்ஸ். 2025 நவம்பர் 16 அன்று வின்னிபெக்கில் மான்ட்ரியலை 25-17 என்று வீழ்த்தியது. 1966, 1989, 2007, 2013, இப்போது 2025: நூறாண்டு தாண்டிய அணிக்கு மொத்தமே ஐந்து கோப்பை. அந்த மாகாணத்தின் மக்கள்தொகை 12 லட்சத்தைச் சுற்றித்தான். அணிக்கு முதலாளி கிடையாது. அது ஊருக்குச் சொந்தம். தர்பூசணியைக் குடைந்து தலையில் ஹெல்மெட்டாக மாட்டிக்கொண்டு ரெஜைனாவின் மொசைக் அரங்கத்துக்கு வரும் ரசிகர்களைப் பார்த்தால், கோதுமை வயல்களுக்கு நடுவே இந்த அணி என்ன இடம் பிடித்திருக்கிறது என்று புரியும். இறுதியாட்டத்தின் சிறந்த வீரர் ட்ரெவர் ஹாரிஸுக்கு அன்று வயது 39.

   

சஸ்காட்செவன்காரர்களுக்கு இறுதியாட்டம் இந்த ஆண்டு மக்மேன் மைதானத்தில் என்பது நெஞ்சில் குத்தும். 2009-ல் அங்கேதான் 27-25 என்று முன்னிலையில் இருந்தார்கள். கடைசி நொடியில் மான்ட்ரியல் உதைத்த பந்து தவறியது. வீரர்கள் கொண்டாட ஓடினார்கள். பிறகு பார்த்தால் களத்தில் அவர்கள் பக்கம் 12-க்குப் பதில் 13 பேர். அபராதமாகப் பத்து கஜம் முன்னே வைத்து மறு உதை. அது உள்ளே போனது, 28-27. தங்களையே ‘பதின்மூன்றாவது ஆள்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ரசிகர் கூட்டத்துக்கு இதைவிடக் குரூரமான தோல்வி வாய்க்காது.

வான்கூவர் அணியான பிசி லயன்ஸின் நேதன் ரூர்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த லீக்கில் குவார்ட்டர்பேக்குகள் ஏறக்குறைய எல்லாருமே அமெரிக்கர்கள். ரூர்க் விக்டோரியாவில் பிறந்த கனடியர். என்எஃப்எல்-லில் முயன்று பார்த்துவிட்டு 2024-ல் திரும்பிவந்தார். 2025-ல் 5,000 கஜத்துக்கு மேல் வீசி, லீக்கின் தலைசிறந்த வீரர் விருதையும் தலைசிறந்த கனடியர் விருதையும் சேர்த்தே வாங்கினார். கனடியக் குவார்ட்டர்பேக் ஒருவர் தலைசிறந்த வீரரானது 1969-ல் ரஸ் ஜாக்சனுக்குப் பிறகு இப்போதுதான். மேற்குப் பிரிவு இறுதியில் சஸ்காட்செவனிடம் 24-21 என்று கடைசி நொடிகளில் கோப்பை வாய்ப்பை இழந்தார். நீள மைதானத்துக்காக வாதாடும் ஆள், அதில் ஆடும் கடைசிப் பருவத்தில் என்ன செய்யப்போகிறார்? என் கண் அங்கேதான்.

ஹாமில்டன் டைகர்-கேட்ஸ் 1999-க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதில்லை. லீக்கில் இதைவிட நீண்ட வறட்சி யாருக்கும் இல்லை. கடந்த ஆண்டும் கிழக்குப் பிரிவு இறுதிவரை வந்து, ஆட்டத்தின் கடைசி உதையில் மான்ட்ரியலிடம் 19-16 என்று விழுந்தது. எஃகு ஆலைகளின் ஊர். பொறுமை உண்டு, ஆனால் கால் நூற்றாண்டு அதிகம். மான்ட்ரியலின் டேவிஸ் அலெக்ஸாண்டர் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக இறங்கிய ஆட்டத்தில் தோற்றதே இல்லை என்ற பெயரோடு இறுதியாட்டத்துக்கு வந்தார். தொடைத் தசைக் காயத்தோடு ஆடி, முதல் தோல்வியைக் கிரே கோப்பையிலேயே சந்தித்தார். வின்னிபெக் 2022, 2023, 2024 என மூன்று இறுதியாட்டம் தொடர்ந்து தோற்று, 2025-ல் சொந்த அரங்கத்தில் பிற அணிகள் கோப்பைக்கு ஆடுவதை வேடிக்கை பார்த்தது. டொரான்டோவுக்கு இரண்டு கோப்பை வென்றுகொடுத்த பயிற்சியாளர் ரையன் டின்விடி இப்போது ஒட்டாவாவில். எட்மன்டனுக்கும் கால்கரிக்கும் சொல்ல இப்போதைக்கு அதிகமில்லை; இறுதியாட்டத்தை நடத்தும் கால்கரி அதில் ஆட ஆசைப்படும், அவ்வளவே.

இதற்கு நடுவே ஃபிஃபா உலகக் கோப்பை. ஜூன் 12 அன்று டொரான்டோவில் கனடாவின் முதல் ஆட்டம். டொரான்டோவில் ஆறு, வான்கூவரில் ஏழு என மொத்தம் 13 ஆட்டம். இரண்டு அரங்கமும் சிஎஃப்எல் அணிகளின் வீடு. பிசி லயன்ஸ் தொடக்க வாரங்களில் சில உள்ளூர் ஆட்டங்களைக் கெலோனா என்ற ஏரிக்கரை ஊருக்கு எடுத்துப்போகிறது. உலகின் பெரிய கால்பந்து வரும்போது உள்ளூர்க் கால்பந்து வீட்டைக் காலி செய்து கொடுக்கிறது. லீக்கின் உண்மையான போட்டி என்எஃப்எல் மட்டுமல்ல என்பதை இந்தக் கோடை எல்லாருக்கும் காட்டும்.

2027-ல் புதுக் கோடுகள் வரையும்போது எழப்போகும் சங்கடம் ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பேச்சு குறைவாகவே இருக்கிறது. ஜான்ஸ்டனின் முடிவு தொழில்முறை லீக்குக்கு மட்டுமே பொருந்தும். பல்கலைக்கழகங்களையும் பள்ளிகளையும் அது தானாகக் கட்டுப்படுத்தாது. மக்மேனில் கால்கரி பல்கலைக்கழக அணியும் ஆடுகிறது. ரெஜைனாவின் மொசைக் அரங்கத்தில் அந்த ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடுகிறார்கள். அலுவெட்ஸ் ஆடும் பெர்சிவல் மோல்சன் அரங்கமோ மெக்கில்லுக்கே சொந்தம். இந்தப் புல்வெளிகளில் சனிக்கிழமை மாணவர்கள் 110 கஜம் ஆடி, ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை வீரர்கள் 100 கஜம் ஆடினால், இரண்டு வண்ணத்தில் இரட்டைக் கோடு போட வேண்டும். கம்பத்தைப் பிடுங்கி நட வேண்டும். மாணவர்களும் சுருக்கிக்கொண்டால் நாடெங்கும் உள்ள பள்ளி மைதானங்களை யார் காசில் மாற்றுவது? நாளைய ரூர்க் இப்போது எட்டாம் வகுப்பில் எங்கோ 110 கஜ மைதானத்தில் வீசப் பழகிக்கொண்டிருப்பான். அவனுடைய பயிற்சியாளரிடம் ஆளுநர் குழு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.